85 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் பின்னால் விழுகிறது: சரிசெய்வது எப்படி, கேமரா அமைப்புகளைக் காத்து வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர்: ஒளிவாயில்

அனைவருக்கும் வணக்கம். திருமணம், வளைகாப்பு, காதணி விழா ஆகியவற்றைப் படமெடுப்பது என் தொழில். எட்டு ஆண்டுகளாக ஒரே முழுச்சட்ட டிஎஸ்எல்ஆர் கேமராவைத்தான் பயன்படுத்தி வருகிறேன். அதில் பெரும்பாலும் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸோதான் மாட்டியிருக்கும். சென்ற மாதம் ஷட்டர் பழுதானதால் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஷட்டர் நன்றாக வேலை செய்தது. ஆனால் அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்ததைப் போலக் கேமரா வெறுமையாக இருந்தது. பொத்தான்களுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த வேலைகள், ஆட்டோ ஐஎஸ்ஓ வரம்புகள், படத்தில் பதியும் உரிமையாளர் பெயர், எனக்கென்று தொகுத்து வைத்திருந்த மெனு என்று எல்லாமே அழிந்திருந்தன. மெயின் போர்டை மாற்றியதால் அப்படி ஆயிற்று என்று கேட்ட பிறகுதான் சொன்னார்கள். முன்னதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் குறித்தாவது வைத்திருப்பேன்.

நினைவிலிருந்தவற்றை இரண்டு மாலைப் பொழுதுகளில் மறுபடியும் அமைத்துக்கொண்டேன். அதன்பின் எடுத்த முதல் திருமணத்தில்தான் பெரிய சிக்கல் தெரிந்தது. 85 மி.மீ. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எஃப்/1.8-இல் வைத்து, மணப்பெண்ணின் கண்மீது ஃபோகஸ் புள்ளியை வைத்து எடுத்த படங்களில் இமைகள் மங்கலாகவும், ஜிமிக்கியும் கூந்தலில் சூடிய மல்லிகையும் துல்லியமாகவும் விழுந்திருக்கின்றன. 35 மி.மீ. லென்ஸில் அருகில் எடுத்தவை சரியாக உள்ளன. தள்ளி நின்று எடுத்தவற்றில் ஐயம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் என் கேமராவின் ஃபோகஸ் நுண்திருத்த மெனுவில் (ஃபோகஸ் விழும் இடத்தைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தும் வசதி) 85 மி.மீ. லென்ஸுக்கு ஏதோ ஓர் எண்ணை இட்டுக் கொடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த எண்ணை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்து இந்தத் திருத்தத்தை நானே நம்பகமாகச் செய்ய முடியுமா? இனிமேல் அமைப்புகள் இப்படி அழிந்துபோகாமல் காத்து வைக்க என்ன செய்ய வேண்டும்? அடுத்த திருமணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் உள்ளன.

பதில்: பழைய ஸ்டுடியோ

நண்பரே, பன்னிரண்டு நாள் தாராளமாகப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் பொழுதிலேயே முடித்துவிடலாம். ஆனால் மெனுவைத் திறப்பதற்கு முன், பிழை உண்மையிலேயே லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நுண்திருத்தம் ஒரே திசையில், ஒரே அளவில், திரும்பத் திரும்ப வரும் பிழையை மட்டுமே சரிசெய்யும். ஒரு படத்தில் முன்னாலும் அடுத்ததில் பின்னாலும் விழுந்தால் அதற்கு எந்த எண்ணும் உதவாது.

டிஎஸ்எல்ஆரில் இந்தப் பிழை எழுவதற்கு அதன் அமைப்பே காரணம். லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பங்கு முதன்மைக் கண்ணாடியின் அரைகுறையாக ஒளி புகும் பகுதியைக் கடந்து, அதன் பின்னால் உள்ள சிறு கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. படம் பதியும் சென்சாரோ வேறிடத்தில் இருக்கிறது. லென்ஸ் மவுன்ட்டிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரம் மிகத் துல்லியமாக ஒன்றாக இருந்தால்தான் ஒன்று தெளிவு என்று சொல்வது மற்றொன்றிலும் தெளிவாகும். உங்கள் கேமராவில் ஷட்டர் மாற்றப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்தத் தூரமும் நூலிழை அளவு மாறியிருக்கலாம். எனவே நண்பர் இட்ட பழைய எண் கிடைத்தாலும் அது இன்று பொருந்தும் என்று சொல்ல முடியாது. அது போனதற்காக வருந்த வேண்டாம். புதிதாக அளப்பதே முறை.

அளப்பதற்கு முன் உங்கள் பழக்கம் ஒன்றையும் கேட்க வேண்டும். நடுப்புள்ளியில் கண்ணை ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு கேமராவைச் சாய்த்துச் சட்டகத்தை அமைப்பவரா நீங்கள்? அப்படியானால் பிழையின் ஒரு பகுதி அங்கேயே பிறக்கிறது. ஒன்றரை மீட்டர் தொலைவில் கண்ணை ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவை 10 பாகை திருப்பினால், தெளிவாக விழும் தளம் கண்ணுக்கு ஏறத்தாழ 2.3 செ.மீ. பின்னால் போய்விடும். 85 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8-இல் அந்தத் தொலைவில் படத்தில் தெளிவாக விழும் ஆழமே முன்னும் பின்னும் சேர்த்து 3.4 செ.மீ. அளவுதான், அதாவது கண்ணுக்குப் பின்னால் 1.7 செ.மீ. மட்டும். கண் மங்கி ஜிமிக்கி தெளிவாவதற்கு இதுவே போதுமான காரணம். சோதனையின்போதும், இனி வேலையின்போதும், கண்ணுக்கு அருகில் உள்ள ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து நேரடியாக எடுங்கள்.

இனி சோதனை. கடையில் விற்கும் சாய்கோல் அட்டைகள் இல்லாமலேயே செய்யலாம். சாய்த்து வைத்த அளவுகோலின்மீது நேரடியாக ஃபோகஸ் செய்வதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரத்தில்) தெரியும் சிறு கட்டத்தைவிட ஃபோகஸ் சென்சார் உண்மையில் பார்க்கும் பரப்பு பெரியது. எனவே சாய்ந்த கோலில் எந்தக் கோட்டைக் கேமரா பிடித்தது என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, நாளிதழின் வரி விளம்பரப் பக்கம் ஒன்றைச் சமமான சுவரில் சுருக்கமின்றி ஒட்டுங்கள். அந்த நுண்ணெழுத்துகளைவிட நல்ல இலக்கு தேவையில்லை. லென்ஸின் குவியத் தூரத்தைப் போல் 50 மடங்கு தள்ளிக் கேமராவை முக்காலியில் வையுங்கள்; 85 மி.மீ.க்கு அது 4.25 மீட்டர். கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்பதை அறிய, தாளின் நடுவில் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வியூஃபைண்டரில் பாருங்கள். உங்கள் லென்ஸின் பிம்பம் நடுப்புள்ளியில் விழுந்தால் கேமரா நேராக நிற்கிறது என்று பொருள்.

சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் நிற மின்விளக்கில் அளந்தால் ஒளியின் நிறத்தாலேயே ஃபோகஸ் சிறிது நகரக்கூடும். அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/1.8-இலேயே இருக்கட்டும், ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறைய வேண்டாம், டைமரை வைத்து எடுங்கள், லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். முதலில் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் செய்து ஐந்து படங்கள் எடுங்கள். லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தப் படங்கள்தாம் நமக்கு உரைகல். பிறகு வியூஃபைண்டர் வழியாக, நடுப்புள்ளியில், ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்கச் செய்து பத்துப் படங்கள் எடுங்கள். ஐந்து முறை முடிவிலி (மிகத் தொலைவு) பக்கத்திலிருந்தும் ஐந்து முறை அண்மைப் பக்கத்திலிருந்தும் லென்ஸ் வரட்டும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தும் நிற்குமிடம் சிறிது மாறும்.

கணினியில் இரண்டு தொகுதிகளையும் முழு அளவில் ஒப்பிடுங்கள். வியூஃபைண்டர் படங்கள் லைவ் வியூ படங்களுக்கு இணையாக இருந்தால் மெனுவைத் தொடவே வேண்டாம். சீராக மங்கியிருந்தால் நுண்திருத்தத்தை −5, −10, −15 என்றும், பிறகு +5 என்றும் வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். நிக்கானிலும் கேனனிலும் அளவு −20 முதல் +20 வரை. இரண்டிலும் கழித்தல் எண் ஃபோகஸைக் கேமராவை நோக்கி இழுக்கும், கூட்டல் எண் அப்பால் தள்ளும். உங்களுக்குப் பின்னால் விழுவதால் கழித்தல் பக்கம்தான் விடை இருக்கும். நல்ல பகுதி தெரிந்தபின் அதற்குள் இரண்டிரண்டாக நகருங்கள். கண்ணால் தீர்மானிக்க முடியாதபோது ஒரு வழி உண்டு: ஒரே வெளிச்சம், ஒரே அமைப்பில் எடுத்த ஜேபெக் கோப்புகளில் அதிக நுணுக்கம் பதிந்த படத்தின் கோப்பு பெரிதாக இருக்கும். அந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் உச்சி எங்கே என்பது தெரிந்துவிடும்.

முடிவான எண்ணை வைத்தபின் தொலைவில் உள்ள மரத்தையோ கோபுரத்தையோ ஃபோகஸ் செய்து பாருங்கள். பெரிய எண்ணை இட்டால் சில லென்ஸ்கள் முடிவிலியையோ மிக அண்மையையோ எட்டாமல் போகலாம். ±20-இன் விளிம்பை நெருங்கினால்தான் சரியாகிறது என்றால் மெனுவில் முட்டுக்கொடுக்காமல் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குத் திருப்பி அனுப்புங்கள். பழுது பார்த்தவர்கள் கண்ணாடியைச் சரியாக அமைக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். ஒரு லென்ஸ் மட்டுமா, எல்லா லென்ஸ்களும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்பதையும் பாருங்கள். எல்லாமே நகர்ந்தால் பிழை கேமராவில்.

பதில்: பறவைநோக்கி

மேலே சொன்ன முறை மிகச் சரி. 50 மடங்கு விதியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

4.25 மீட்டரில் எஃப்/1.8-க்குத் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 27 செ.மீ. அந்த விதியைப் பின்பற்றினால் எந்தக் குவியத் தூரத்துக்கும் இதே ஆழம்தான் வரும். விதியின் வசதியும் அதுவே. ஆனால் நீங்கள் மணப்பெண்ணின் முகத்தை எடுப்பது 2 மீட்டருக்குள். அங்கே ஆழம் 6 செ.மீ.க்கும் குறைவு. லென்ஸின் பிழை எல்லாத் தொலைவிலும் ஒரே அளவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே 4.25 மீட்டரில் கிடைத்த எண்ணை 2 மீட்டரிலும் சோதியுங்கள். இரண்டும் வேறுபட்டால் எந்தத் தொலைவில் உங்களுக்கு வேலை அதிகமோ அதற்கே முன்னுரிமை கொடுங்கள். கேமராவின் மெனு தொலைவு வாரியாக வேறு வேறு எண்களை ஏற்காது.

உங்கள் 35 மி.மீ. லென்ஸ் அருகில் சரியாகவும் தள்ளி ஐயமாகவும் இருப்பதாகச் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. அதற்குக் கேமராவில் ஓர் எண்ணை இட்டால் தொலைவு சரியாகி அருகாமை கெட்டுப்போகும். இதற்கான திருத்தத்தை லென்ஸுக்குள்ளேயே எழுத வேண்டும். சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசை லென்ஸ்களுக்கு 2013 முதல் யூஎஸ்பி டாக் என்ற சிறு வட்டக் கருவி கிடைக்கிறது. கணினியோடு இணைத்து நான்கு தொலைவுகளுக்குத் தனித்தனி எண் இடலாம். ஜூம் லென்ஸ் என்றால் நான்கு குவியத் தூரங்களுக்கும் சேர்த்து 16 எண்கள். டாம்ரானும் 2016-இல் டேப்-இன் கன்சோல் என்று இதையொத்த ஒன்றைக் கொண்டுவந்தது. உங்கள் லென்ஸ் இவற்றை ஏற்கும் வகையா என்று பாருங்கள். பறவைகளைப் படமெடுக்க நான் பயன்படுத்தும் நீண்ட ஜூமுக்கு 16 எண்களையும் இட எனக்கு முழு நாள் ஆயிற்று. அதன்பின் மீன்கொத்தியின் கண் தெளிவாக விழுந்த படங்களின் எண்ணிக்கை கண்கூடாக உயர்ந்தது. லென்ஸுக்குள் எழுதிய எண்கள் கேமராவின் போர்டு மாறினாலும் அழியாது என்பது இன்னொரு நன்மை.

லென்ஸில் திருத்தம் செய்யும்போது கேமராவின் நுண்திருத்தத்தைச் சுழியமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் எண் இருந்தால் பிறகு எது எதைச் சரிசெய்கிறது என்று பிரித்தறிய முடியாது.

பதில்: நீள்குவியம்

ஃபோகஸ் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். உங்கள் கேமரா எந்த நிறுவனத்தினுடையது என்று குறிப்பிடவில்லை. நிக்கானாக இருந்தால் செட்டப் மெனுவில் அமைப்புகளைச் சேமிக்கவும் மீண்டும் ஏற்றவும் ஒரு வசதி பல மாடல்களில் உண்டு. சேமி என்றவுடன் மெமரி கார்டில் ஒரு சிறு கோப்பு உருவாகும். அதை அன்றே கணினிக்கு நகலெடுக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை கார்டை ஃபார்மேட் செய்யும்போது அதுவும் சேர்ந்தே அழியும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள்; பெயர் மாறினால் கேமரா அதைக் கண்டுகொள்ளாது. நாள்வாரியாகப் பிரித்து வைக்க விரும்பினால் கோப்பை அப்படியே விட்டு, அது இருக்கும் ஃபோல்டருக்குத் தேதியைப் பெயராக இடுங்கள். ஒரு மாடலில் சேமித்த கோப்பை வேறு மாடலில் ஏற்ற முடியாது. கேனனில் 1டி வரிசை போன்ற உயர்நிலை மாடல்களில் இவ்வசதி இருந்தது. நடுத்தர மாடல்கள் பலவற்றில் இல்லை. இல்லாதவர்கள் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதுதான் வழி. பத்து நிமிட வேலை.

இப்போது முதன்மையான செய்திக்கு வருகிறேன். ஃபோகஸ் நுண்திருத்த எண்கள் அந்தக் கோப்பில் சேரும் என்று எண்ணிவிடாதீர்கள். நிக்கான் டி7000, டி750 ஆகியவற்றின் கையேடுகளில் எவையெவை சேமிக்கப்படும் என்ற பட்டியல் இருக்கிறது; மொழி, உரிமையாளர் விவரம், மின்னணுச் சிப் இல்லாத பழைய வகை லென்ஸ்களின் விவரம் எல்லாம் அதில் உண்டு, நுண்திருத்தம் இல்லை. இது குறைபாடு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த எண் குறிப்பிட்ட ஒரு கேமராவும் குறிப்பிட்ட ஒரு லென்ஸும் சேர்ந்த இணைக்கு உரியது. அதே மாடல் கேமரா வேறொன்றில் ஏற்றினால் அங்கே அது பிழையையே உண்டாக்கும். இரண்டு கேமராக்களைக் கொண்டு வேலை செய்பவர்கள் இதனால்தான் ஒவ்வொரு லென்ஸையும் இரண்டிலும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அந்த எண்களுக்குத் தாளும் பேனாவும்தான். லென்ஸின் பெயர், அதன் வரிசை எண், கேமராவின் வரிசை எண், அளந்த தேதி, தொலைவு, வெளிச்சம், கிடைத்த எண் ஆகியவற்றை எழுதுங்கள். லென்ஸின் பின்மூடிக்குள் ஒரு சிறு ஒட்டுத்தாளில் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிவைப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த முறையில் தயக்கம். விழா அவசரத்தில் மூடிகள் மாறிப்போகும், ஒட்டுத்தாள் பிரிந்தால் லென்ஸுக்குள் விழும். ஒரே வகை லென்ஸ் இரண்டு வைத்திருப்பவர்கள் வரிசை எண்ணை எழுதத் தவறக் கூடாது. டி750 பன்னிரண்டு லென்ஸ் வகைகளை நினைவில் கொள்ளும்; ஆனால் ஒரு வகைக்கு ஓர் எண்தான். எந்த லென்ஸுக்கு அந்த எண் என்பதை வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களால் அடையாளமிட்டு வைக்க மெனுவிலேயே இடம் இருக்கிறது. கேனனில் டெலிகன்வெர்ட்டர் (லென்ஸின் குவியத் தூரத்தைக் கூட்டும் துணைக்கருவி) மாட்டினால் அது தனி இணையாகப் பதியும். அதையும் தனியே எழுதுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில் கோப்பைப் புதிதாகச் சேமித்துக்கொண்டு, மெமரி கார்டை எடுத்துவிட்டு, கேமராவை மட்டும் கொடுங்கள்.

பதில்: ஒளிவாயில்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் சாயும் முன் முடித்துவிட்டேன்.

பழைய ஸ்டுடியோ ஐயா கேட்ட பழக்கம் எனக்கு இருந்தது உண்மைதான். நடுப்புள்ளியில் பிடித்துச் சாய்ப்பதைத்தான் இத்தனை ஆண்டும் செய்து வந்தேன். ஆனால் சுவரில் ஒட்டிய தாளைச் சாய்க்காமல் எடுத்தபோதும் பத்தில் ஒன்பது படங்கள் மங்கலாகவே இருந்தன. ஆகவே இரண்டு காரணங்களும் சேர்ந்தே படங்களைக் கெடுத்திருக்கின்றன. 4.25 மீட்டரில் −8-உம், 2 மீட்டரில் −10-உம் மிகத் தெளிவாக வந்தன. பறவைநோக்கி சொன்னபடி −10-ஐயே வைத்துக்கொண்டேன், ஏனெனில் என் முகப் படங்கள் பெரும்பாலும் அந்தத் தொலைவில்தான். கோப்பின் அளவை ஒப்பிடும் முறை மிக உதவியாக இருந்தது. −8-க்கும் −10-க்கும் இடையே என் கண்ணால் வேறுபாடு காண முடியாத இடத்தில் அதுதான் வழிகாட்டியது. தெருமுனைக் கோயில் கோபுரத்தின் கலசம் தெளிவாகவே விழுகிறது.

35 மி.மீ. லென்ஸ் அருகில் சுழியத்திலும், 4 மீட்டருக்கு அப்பால் +6-இலும் சரியாக இருக்கிறது. அது யூஎஸ்பி டாக் ஏற்கும் லென்ஸ்தான். கருவியை ஒரு நண்பரிடமிருந்து இரவல் கேட்டிருக்கிறேன். அதுவரை கேமராவில் சுழியத்திலேயே விட்டுவைத்து, தள்ளி எடுக்க வேண்டிய இடங்களில் துளையை எஃப்/2.8-க்குக் குறைத்து எடுக்க எண்ணியிருக்கிறேன்.

அமைப்புகளின் கோப்பு கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக இருக்கிறது. எண்களை என் முன்பதிவு நோட்டின் முதல் பக்கத்தில் வரிசை எண்களோடு எழுதிவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மீதம் உள்ளது: இந்தத் திருத்தத்தை எத்தனை காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?

பதில்: பழைய ஸ்டுடியோ

காலக்கெடு என்று ஒன்றும் இல்லை. கேமராவோ லென்ஸோ கீழே விழுந்தாலோ, மோதினாலோ, சர்வீஸுக்குப் போய் வந்தாலோ உடனே பாருங்கள். மற்றபடி, திருமண மாதங்கள் தொடங்குமுன் அதே சுவரில் அதே தாளை ஒட்டி, லைவ் வியூவில் ஐந்தும் வியூஃபைண்டரில் ஐந்தும் எடுத்து ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒத்திருந்தால் எண்ணைத் தொடாமல், பார்த்த தேதியை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு மூடி வையுங்கள்.